எடைமேடைக்காரரின் எடை

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. வீட்டில் வைத்த பெயரும் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையின் கடைசியில், லாரிகளை நிறுத்தி எடை போடும் இரும்பு மேடை. மேடையை ஒட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, இழுப்பறை வைத்த ஒரு மேஜை. இவ்வளவுதான் தராசின் சாம்ராஜ்யம்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் ஆள் கெட்டிக்காரர். சரக்கோடு வரும்போது டிரைவர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். காலி வண்டியை எடை போடும்போது மட்டும் டீ குடிக்க இறங்கிவிடுவார். டிரைவரின் உடம்பும் சரக்கோடு சரக்காக விற்றுப்போகும். இன்னொருவர் காலி வண்டியின் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே தொங்க விடுவார். தராசிடம் இந்தப் பருப்பெல்லாம் வேகாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பார்த்துவிட்டுச் சிரிப்பார். "கொஞ்சம் இறங்குங்கண்ணே" என்பார். அவர்கள் கத்துவார்கள், குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அதற்கும் சிரிப்பார். அவர்கள் போனதும், சிரித்த முகம் மாறாமல் இழுப்பறையைத் திறப்பார்.

இழுப்பறைக்குள் க்ரீம் பிஸ்கட் இருக்கும்.

பசி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பசிக்கும் அந்த பிஸ்கட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டீயில் நனைத்து நாக்கில் வைத்தால் கரைந்து இறங்கும். இறங்கும்போது நெஞ்சில் எதுவோ அடங்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கப் ஐஸ்கிரீம். வீட்டில் பேச்சு கொஞ்சம் சூடாகிறது என்றால், "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார். ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே பால் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், உடம்பு இளைப்பதற்காக இதே மனிதர் தன் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டவர். மனைவி அழுதாள், டாக்டர் எச்சரித்தார், இவர் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எடை மளமளவென்று இறங்கியது. மனைவிக்குப் பூமியில் கால் பாவவில்லை. இவருடைய பழைய பேன்ட்டை எடுத்து, ஒரு காலுக்குள் அவளும் இன்னொரு காலுக்குள் அவள் தங்கையும் இறங்கி நின்று, விழுந்து விழுந்து சிரித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதை ஃபிரேம் போட்டு, சோபாவுக்கு நேர் எதிர்ச்சுவரில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பேன்ட்டைப் பார்ப்பார்கள், பிறகு இவரைப் பார்ப்பார்கள். இவர் சிரிப்பார்.

வீட்டில் இருந்த எடை மிஷினை அவர் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஊருக்கே எடை போடுகிற ஆளுக்கு அது எதற்கு? தினமும் காலையில் முதல் லாரி வருவதற்குள் அந்தப் பெரிய மேடையில் தன்னந்தனியாக ஏறி நிற்பார். வெளியே பலகையில் சிவப்பு எழுத்தில் எண் வரும்: 90. மறுநாளும் 90. அடுத்த மாதமும் 90. மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போவார்.

அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். லாரிக்கு அது போதும். எண்பத்தாறும் அதற்குத் தொண்ணூறுதான், தொண்ணூற்று நாலும் தொண்ணூறுதான். இது தராசுக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர். ஆனாலும் தொண்ணூறு என்று சிவப்பாக எரியும்போது எந்த மனுஷனுக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வரும்? ஒருநாள் காலையில் ஏறி நின்றார்: 100. இறங்கி மறுபடி ஏறினார். செருப்பைக் கழற்றி ஏறினார். பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை: மிஷின் கோளாறு என்று மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

மெக்கானிக் வந்து இரும்புக் கட்டிகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "மிஷின் கரெக்டா இருக்குண்ணே. என்ன பிரச்சினைன்னு கூப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா செக் பண்ணலாம்னு" என்று சிரித்தார் தராசு. அன்றைக்கு ஒரு பாக்கெட் முழுதாகக் காலியானது.

இப்போது பலகை 120 காட்டுகிறது. மூட்டு வலிக்கிறது, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சர்க்கரை மறுபடி எட்டிப் பார்க்கிறது. "உள்ள வெட்டித் தச்ச இரைப்பை விரிஞ்சு போச்சு போல" என்று மனைவிதான் முதலில் சொன்னாள். அவள் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். யார் தவறு செய்தாலும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துக் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு. அந்தச் சமாதானத்தைத் தராசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பை விரிந்துவிட்டது, அவ்வளவுதான். தன்மேல் தப்பு ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை வெட்டித் தைத்தால் சரியாகிவிடும். இரண்டாவது ஆபரேஷனுக்கு அடுத்த மாதத்தில் தேதியும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரவத்தைக் குடிக்க வைத்து வயிற்றைப் படம் எடுத்தார்கள். புதன்கிழமை சர்ஜன் அந்தப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனாவால் காட்டினார்.

"இதோ பாருங்க. பை விரியவே இல்ல. அன்னைக்கு நான் விட்ட அளவுலயேதான் இருக்கு."

தராசு சட்டென்று திரும்பினார். பக்கத்தில் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"கெட்டியான சாப்பாடு இதுல நிறையப் போகாது" என்றார் சர்ஜன். "ஆனா கரையறது, உருகறதெல்லாம் நாள் பூரா போய்க்கிட்டே இருக்கும். அடுத்த ஆபரேஷன்ல இந்தப் பையைக் குடல்ல வேற இடத்துல இணைப்போம். உங்களுக்கு அது உதவும்னுதான் நினைக்கிறேன். அதே நேரம், ஒரு தடவை கத்தி பட்ட இடத்துல மறுபடி கை வைக்கிறதால ஆபத்தும் கொஞ்சம் கூட. அதுக்கப்புறம் இனிப்பு சாப்பிட்டா மயக்கம், வாந்தின்னு படுத்திடும். அதனால எங்க ஆலோசகர் அம்மாகிட்ட ஒரு தடவை பேசிடுங்க. எல்லாரையும் அனுப்புவோம்."

ஆலோசகரின் அறை சின்னது. மனைவி வெளியே உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"காலைல ஒரு முட்டை. மத்தியானம் கொஞ்சம் சாதம். ராத்திரி சூப்" என்று ஒப்பித்தார் தராசு.

"இடையில?"

"ஒண்ணும் இல்லைங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாவுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி இருந்தது. அதில் தராசின் முகம் தெரிந்தது. இருபது வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம்தான். சக்கரத்தை வெளியே விட்டுவிட்டு, "எல்லாம் உள்ளதான் நிக்குது" என்று சாதிக்கிற டிரைவரின் முகம். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பிஸ்கட்" என்றார். "ஒரு பாக்கெட். ஐஸ்கிரீம். அப்புறம் பால் வாங்கப் போறேன்னு போய் ஒரு கேக்."

அந்த அம்மா திட்டவில்லை, எழுதவும் இல்லை. "கடைசியா எப்பக் கோபப்பட்டீங்க?" என்று கேட்டார்.

"எனக்குக் கோபமே வராதுங்க" என்றார் தராசு. எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிற வாக்கியம். இந்த அறையில் அது பெருமையாகக் கேட்கவில்லை. நேற்றைய பாக்கெட்டுக்கு முன்னால் ஒரு டிரைவர் கத்தியதும், கேக்குக்கு முன்னால் மச்சினி வீட்டுக்கு வந்திருந்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "நான் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல. குறிச்ச தேதியிலயே பண்ணிக்கலாம். இல்ல, கொஞ்ச நாள் தள்ளி வச்சு, என்கிட்ட வந்து பேசிட்டு அப்புறம் பண்ணிக்கலாம். அதுக்குள்ள எடை இன்னும் கொஞ்சம் ஏறலாம், அதையும் சொல்லிடறேன். முடிவு உங்களோடது. வெள்ளிக்கிழமைக்குள்ள போன் பண்ணுங்க."

இவர் எதிர்பார்த்தது ஒரு தீர்ப்பை. யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். சொந்தமாக முடிவெடுக்கச் சொல்லித் தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. இரண்டு பேரும் ஒரே சீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரி இருக்கிற நிறுத்தம் நெருங்கியது. தராசின் கை தானாக முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தது.

"எனக்கு இங்க இறங்கணும்போல இருக்கு" என்றார். இதுவரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"தெரியும்" என்றாள் மனைவி. "உங்க சட்டைய நான்தான துவைக்கிறேன். பையில பிஸ்கட் தூள் இல்லாத நாளே இல்ல."

"தெரிஞ்சுமா பை விரிஞ்சு போச்சுன்னு சொன்ன? ஏன் என்கிட்டக் கேக்கல?"

"கேட்டா என்ன பண்ணுவீங்க? சிரிப்பீங்க. சிரிச்சிட்டுப் பால் வாங்கப் போவீங்க." அவள் குரல் உடைந்தது. "நான் கேக்கப்போய் இன்னும் ரெண்டு கூடச் சாப்பிட்டுருவீங்களோன்னு பயந்து பயந்து வாய மூடிக்கிட்டு இருக்கேங்க."

பஸ் நின்றது, கிளம்பியது. பேக்கரி பின்னால் போனது. அவருக்குள் என்னவோ குமுறிக்கொண்டு வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தார்.

"அந்த போட்டோவ எடுத்துடு" என்றார். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எந்த போட்டோ?"

"நீயும் உன் தங்கச்சியும் என் பேன்ட்டுக்குள்ள நிக்கிறீங்களே, அது. மூணு வருஷமா அது எதிர்ல உக்காந்து நான் டீ குடிக்கிறேன். வர்றவன் போறவன்லாம் அதைப் பாத்துட்டு என் வயித்தப் பாக்கறான். எனக்கு எரியுது. உன்மேல அவ்வளவு கோபமா இருக்கு."

அவளுக்கு அந்த போட்டோ கணவன் பிழைத்து வந்ததன் சாட்சி. தினமும் பார்த்தால் அவருக்குத் தெம்பு வரும் என்று நம்பித்தான் மாட்டியிருந்தாள். "மாட்டின அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

வீட்டுக்குப் போனதும் அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் சுவர் காலியாக இருந்தது. "ஆணியையும் பிடுங்கிடவா?" என்று கேட்டாள்.

"கெடக்கட்டும். காலண்டர் மாட்டலாம்."

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து இரண்டு மூன்று தடவை போனைக் கையில் எடுத்து, எடுத்த வேகத்தில் வைத்துவிட்டார் தராசு. உடனே செய்துகொண்டால் எடை குறையும், மூட்டு வலி போகும். ஆனால் இழுப்பறை இங்கேயேதான் இருக்கும். தள்ளி வைத்தால் பலகை 130 காட்டுமோ என்ற பயம். இந்த யோசனையில் இருக்கும்போதுதான் ஒரு காலி லாரி வந்து ஏறியது. பின்சக்கரம் பாதி வெளியே.

"அண்ணே, கொஞ்சம் முன்னால எடுங்க."

"எல்லாம் உள்ளதான்யா நிக்குது. எடையப் போடு."

"பின்சக்கரம் வெளிய இருக்குண்ணே."

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "யோவ் தராசு! வண்டி எடையப் பாக்கறதுக்கு முன்னாடி மொதல்ல உன் எடையப் பாருய்யா!"

வரிசையில் நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். தராசின் உதடும் பழக்கதோஷத்தில் சிரிக்கப் போனது. போன உதடு பாதியில் நின்றது. எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"பாத்துக்கிட்டுதான்யா இருக்கேன்! தினமும் காலைல இதே மேடையில ஏறி நின்னு பாக்கறேன். நூத்தி இருபது! போதுமா? இப்ப வண்டிய முன்னால எடு!"

அந்தக் குரல் கிடங்குச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வரிசையில் இருந்தவர்கள் கப்சிப். டிரைவர் திருதிருவென்று விழித்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் வண்டியை முன்னால் எடுத்தார். எடை போட்டு ரசீதை வாங்கும்போது, "கோவிச்சுக்காதண்ணே" என்று முனகினார். தராசு சிரிக்கவில்லை. "சரி, போ" என்றார்.

வண்டிகள் போன பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உட்கார்ந்தார். இழுப்பறையைத் திறந்தார். ஒரு பிஸ்கட், இன்னொரு பிஸ்கட். மூன்றாவது கையில் இருக்கும்போது போனை எடுத்தார்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு. "ஆபரேஷன் வேணும்ங்க, ஆனா குறிச்ச தேதியில வேணாம். மொதல்ல அந்த அம்மாவப் பாத்துப் பேச வர்றேன். அப்புறம் நானே தேதி கேக்கறேன்" என்றார். மறுமுனையில் சரி என்றார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவருக்கே சந்தேகம் வந்தது.

அடுத்து மனைவிக்கு. அங்கே பள்ளியில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தேதியத் தள்ளி வச்சுட்டேன்" என்றார்.

"சரிங்க."

"ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டேன். மூணாவது கையில இருக்கு."

ஏன் சாப்பிட்டீர்கள், இன்னும் எத்தனை மீதி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று ஏதாவது வரும் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டார் தராசு. பிறந்ததிலிருந்து அவர் கேட்டுப் பழகிய கேள்விகள் அவை. பிள்ளைகளின் சத்தம் குறைந்தது. அவள் வகுப்பை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"என்னங்க நடந்துச்சு?" என்று கேட்டாள்.

தராசுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மேடை காலியாக இருந்தது. கையில் இருந்த பிஸ்கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.