ஆத்தா வீட்டு நெய்

பேரையூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த ஒச்சாயிக்கு நகைநட்டு ஒன்றும் கிடையாது. தாய் செல்லக்கிளி கொடுத்துவிட்ட சீர், ஒரு கருத்த பெண் பன்றி. ஊரே சிரித்தது. அதன் குட்டியை முதன்முதலில் அறுத்துச் சட்டியில் ஏற்றிய அன்று, சிரித்தவர்கள் எல்லாம் கறி வாங்க ஏனத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். ஒரு சொட்டு எண்ணெய் தேவைப்படவில்லை. தன் கொழுப்பு உருகிய நெய்யிலேயே பொரிந்து கறி பூப்போல வெந்திருந்தது.

ஒச்சாயிக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. மகள் வயிற்றில் ஒன்று தங்கினால் தன் வீட்டு வழிப் பன்றியையே கொடுப்பதாகச் செல்லக்கிளி முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். தங்கப்பொண்ணு பிறந்தாள். நேர்ந்தவளோ, அதைச் செலுத்துவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒச்சாயியின் புருஷன் சோலைக்கு மூளை வேலை செய்தது. மதுரையில் அவன் வேலை பார்த்த பங்களாவின் துரை சீமைக்குக் கப்பலேறியபோது, தான் வளர்த்த வெள்ளைப் பன்றியை அவனுக்கே விட்டுப் போனார். கன்றுக்குட்டி நீளம் இருக்கும் அது. மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அதை ஊருக்குள் நடத்தி வந்து கருத்தவளோடு சேர்த்தான். பிறந்த குட்டி அத்தனையும் வெள்ளை. அடுத்த கோடையில் கருத்தவளும் செத்துப்போனாள். முனியாண்டிக்கோ கருப்புதான் ஆகும்.

சோலை மேல் ஒச்சாயிக்கு வந்த ஆத்திரம் லேசில் அடங்கவில்லை. அவளுடைய ஆத்தா பன்றிகளை, "வாடி என் ராசாத்தி" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடுவாள். அந்தக் குரலும் அந்தச் சட்டியின் வாசமும் ஒச்சாயிக்கு ஒன்றாகவே நினைவுக்கு வரும். வரும்போதெல்லாம் கண் கலங்கும். வெள்ளைகளை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. தொட்டியில் கஞ்சியை ஊற்றி ஒரு தட்டு தட்டுவாள், அவ்வளவுதான்.

பிறகு அந்த வெள்ளைகளுக்குள் சேர்ந்து போட்ட ஈற்றில் ஒரு குட்டி கன்னங்கரேலென்று விழுந்தது. ஆத்தாளே திரும்பி வந்துவிட்டதாக எண்ணி ஒச்சாயி அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். தான் உண்ணுமுன் அதற்கு ஊட்டினாள்.

அது வளர்ந்ததும், மாசி மாதம் முனியாண்டி கோவிலில் அதை அறுத்து அடுப்பு மூட்டினார்கள். நேர்ந்த பன்றி தன் நெய்யிலேயே வேக வேண்டும். வெளிநெய் சேர்த்தால் சாமி ஏற்காது. அதுதான் அங்கே முறை. சொந்தபந்தத்துக்குச் சோறு போட, அதே ஈற்றில் பிறந்த வெள்ளை ஒன்றையும் சோலை அறுத்துப் பக்கத்து அடுப்பில் ஏற்றியிருந்தான்.

கருப்பின் கறி சட்டியில் ஒட்டியது. கிளறினால் வறண்டு கருகும் வாடை. நிறம் மட்டும் ஆத்தா வீட்டது. உள்ளே இருந்தது கொழுப்பில்லாத துரை வீட்டுக் கறி. ஒச்சாயி அடுப்புத் தீயைக் குறைத்தாள். பூசாரி பேயாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. ஆத்தாளின் சட்டி வாசம். ஒச்சாயி திரும்பினாள். வெள்ளைப் பன்றியின் சட்டியில் நெய் விளிம்புவரை பொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் அவள் ஏறெடுத்தும் பார்க்காத தோலுக்குள்ளேதான் ஆத்தாளின் சீர் இருந்திருக்கிறது. ஒரு அகப்பை நெய்யை மொண்டு கருப்பின் சட்டிக்குக் கொண்டுவந்தாள். பேயாண்டி கையை நீட்டி மறித்தார்.

"வெளிநெய்யி ஆகாது தாயி."

"வெளிநெய்யி இல்லண்ணே. ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுக. இம்புட்டு நெய்யும் எங்க ஆத்தா வீட்டுதுதேன்."

பேயாண்டி குனிந்து இரண்டு சட்டியையும் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். நெய் இறங்கியதும் கறி கலகலவென்று பொரிந்தது. முதல் துண்டு முனியாண்டிக்குப் போயிற்று. அடுத்ததை வாயில் போட்ட ஒச்சாயி அழுதாள், அழுதுகொண்டே மென்றாள்.

வீடு திரும்பியதும் கஞ்சிச் சட்டியோடு கொட்டிலுக்குப் போனாள். அந்தக் குட்டிகளை ஈன்ற வெள்ளைத் தாய், வழக்கம்போல அவள் தட்டுவதற்காகத் தலையைத் தூக்கிக் காத்திருந்தது. ஒச்சாயி தட்டவில்லை.

"வாடி என் ராசாத்தி" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.