ப்ரெண்டா வீட்டுச் சமையலறைச் சுவர்

லீட்ஸ் நகரத்தில் பாரிஸ்டர் ரொவீனா டெசிமண்டுக்கு நல்ல பெயர். குடிவரவு வழக்கு, குடும்ப வழக்கு இரண்டும் பார்ப்பாள். காலையில் ஒரு கோர்ட்டில், இந்தத் தம்பதியைப் பிரித்தால் இருவரும் உடைந்துபோவார்கள் என்று வாதாடுவாள். மத்தியானம் இன்னொரு கோர்ட்டில், அந்தத் தம்பதியைச் சேர்த்து வைத்தால் யாராவது ஒருவர் மண்டை உடையும் என்று வாதாடுவாள். இரண்டுக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே குரல். அந்தக் குரலை அவள் உயர்த்தியதே இல்லை. சொந்த விவாகரத்தின்போதுகூட இல்லை. அவளும் அவள் கணவனும் அத்தனை நாகரிகமாகப் பிரிந்தார்கள். கடைசி நாளன்று ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

அவள் அலுவலகத்தின் குமாஸ்தா லெஸ்லி, எந்த வழக்குக்கு எந்த பாரிஸ்டர் போவது என்று தீர்மானிக்கிறவர். "மிஸ், மிஸ்" என்று குழைந்துகொண்டே அத்தனை பேரையும் வண்டிமாடு மாதிரி ஓட்டுவார். ப்ரெண்டா ஓல்ட்ராய்டின் வழக்கை ரொவீனா மேஜையில் கொண்டுவந்து வைத்தவரும் அவரே.

"லட்டு மாதிரி வழக்கு, மிஸ். ஹாலிஃபாக்ஸ்காரம்மா. ஸ்கூல் கேன்டீன்ல சமையல். விதவை. மால்டோவாவிலேருந்து பூச்சு வேலைக்கு வந்த ஆள ரெண்டாவதா கட்டிக்கிச்சு. பொய்க் கல்யாணம்னு விசாவ மறுத்துட்டாங்க."

"எதை வெச்சுப் பொய்ங்கறாங்க?"

"தனித்தனியா உக்கார வெச்சுக் கேள்வி கேட்டிருக்காங்க. முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னதுக்கு அந்தம்மா கறி வெச்சுச் சுட்ட 'பை'ன்னுச்சாம். அந்தாளு உருளைக்கிழங்குன்னானாம்."

"அந்தப் பைக்கு மேல உருளைக்கிழங்கதானே மசிச்சுப் போடுவாங்க?"

"அது அதிகாரிக்குத் தெரியல மிஸ். பாவம், சாண்ட்விச் தின்னே வளர்ந்த புள்ள போல."

கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதிலும் தகராறு. ப்ரெண்டா கதவில் நின்று பார்க்கிற மாதிரி நினைத்து வலது என்றாள். அவள் கணவன் வலேரியு படுத்திருக்கிற மாதிரி நினைத்து இடது என்றான். பல் விளக்கும் பிரஷ்ஷின் நிறத்திலும் பொருத்தமில்லை. ஒரு கல்யாணம் உண்மையா பொய்யா என்பதைப் பிரஷ்ஷிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு நாகரிகம் முற்றிய நாடு அது.

விசாரணைக்கு முன்னால் ரொவீனா அவர்களோடு வீடியோவில் பேசினாள். வழக்கம்போல முதலிலேயே எச்சரித்தாள்: "இங்க நாம பேசறது நமக்குள்ள மட்டும்தான். வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது." வலேரியு கனத்த மீசையோடு தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்து ப்ரெண்டா எழுந்து போனாள். ரொவீனா அவர்கள் அனுப்பியிருந்த புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையில் இருவரும் தோளோடு தோள் நிற்கும் படம். பின்னால் காரை பெயர்ந்து, பென்சில் கீறலாய் ஒரு சுவர்.

"இந்தச் சுவரைப் பாத்தா குடித்தனம் நடக்கற வீடு மாதிரியா இருக்கு?" என்றாள் ரொவீனா சிரித்தபடி. "நீங்க பூச்சு வேலை வேற செய்யறீங்க. ஜட்ஜ் பாக்கற படம். கொஞ்சம் பாத்துக்கங்க." வேறு நல்ல படம் அனுப்பு என்பதைத்தான் அப்படி நயமாகச் சொன்னதாக அவள் எண்ணம். நயமாகப் பேசுவதற்குத்தான் அவளைத் தேடி வருகிறார்கள்.

மேல்முறையீட்டு விசாரணை பிராட்ஃபர்டில். ரொவீனா போய்ச் சேர்ந்தபோது, காத்திருப்புக் கூடத்தின் ஒரு மூலையில் ப்ரெண்டாவும் எதிர்மூலையில் வலேரியுவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கால்பந்து அணியே ஆடலாம்.

"குட் மார்னிங், ப்ரெண்டா. ரெண்டு பேரும் ரெடியா?"

"நான் ரெடி, கண்ணு. அந்தாளப் பத்தி எனக்குத் தெரியாது. சனிக்கிழமையிலேருந்து பேச்சுவார்த்த இல்ல."

"எந்தாளு?"

"என் புருஷன்னு உள்ள போய் நிரூபிக்கப் போறியே, அந்தாளு."

ரொவீனா பைலை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விசாரித்தாள். சனிக்கிழமை ப்ரெண்டா தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் சமையலறைச் சுவர் புதுப் பூச்சில் மழமழவென்று ரோஜா நிறத்தில் நிற்கிறது.

"அந்தச் சுவத்துலதான் என் புள்ளைங்க ரெண்டும் வளந்தது. வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு நிக்க வெச்சு, தலைக்கு மேல பென்சில்ல கோடு போட்டுப் பேரு எழுதுவாரு கெத். என் மொத வீட்டுக்காரரு. அவரு கையெழுத்துன்னு வீட்டுல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். கிறிஸ்மஸ் கார்டுலகூட என்னையத்தான் எழுதச் சொல்வாரு." ப்ரெண்டா மூக்கை உறிஞ்சினாள். "ஏண்டா பண்ணேன்னு கேக்கறேன், வாயத் தொறக்க மாட்டேங்கறான். தோளத் தோளக் குலுக்கறான். கல்லு மாதிரி நிக்கறான், கண்ணு."

ரொவீனா எதிர்மூலையைப் பார்த்தாள். வலேரியு அவளைப் பார்த்தான். வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்து முடித்த மாணவன் டீச்சரைப் பார்க்கும் பார்வை. ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்பதுபோல் மெல்லத் தலையை வேறு ஆட்டினான்.

அந்த நிமிஷமே ப்ரெண்டாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அடுத்தவர்களைக் கூண்டில் ஏற்றி உண்மையைச் சொல்லவைப்பதில் கெட்டிக்காரியான ரொவீனாவுக்குத் திடீரென்று பைலில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது. பக்கங்களைப் பரபரவென்று புரட்டினாள். சாட்சிக்கு எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது தொழில் விதி. அன்றைக்கு அந்த விதி அவளுக்கு வெகு சௌகரியமாக இருந்தது.

நீதிபதி ஃபர்னிவால் ஓய்வுக்கு நெருங்கியவர், பெருமூச்சு விடுவதில் பழுத்த அனுபவம் உள்ளவர். அரசுத் தரப்பில் பாப்ஜாய் என்ற இளைஞன்; கழுத்து சட்டைக்குப் பெரிதா, சட்டை கழுத்துக்குப் பெரிதா என்று தீர்மானிக்க முடியாத தோற்றம். முதலில் வலேரியுவைக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில். பிரஷ் நீலம். படுப்பது இடது. மனைவியை நேசிக்கிறீர்களா? ஆமாம். எல்லாப் பதிலும் ஒரே நீளம், ஒரே சுரத்து. பாப்ஜாய் முகத்தில் திருப்தி தெரிந்தது.

பிறகு ப்ரெண்டாவை உள்ளே அழைத்தார்கள். உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் வைத்தாள், கணவன் இருந்த திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்தாள்.

"திருமதி ஓல்ட்ராய்ட்," என்றான் பாப்ஜாய், "உங்கள் மணவாழ்க்கை மகிழ்ச்சியாக இருக்கிறதா?"

"இல்ல."

ரொவீனா பேனாவைக் கீழே வைத்தாள். பாப்ஜாயின் வேலைக்காலத்தில் யாரும் அப்படி ஒரு பதிலைச் சொன்னதில்லை. அதோடு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பான். முதலாண்டு சட்ட மாணவனுக்குக்கூடத் தெரியும், அங்கே உட்கார வேண்டும். ஆனால் ஆசை யாரை விட்டது?

"ஏன் இல்லை?"

"ஏனா? ஏன்னு கேக்கறியா தம்பி?" ப்ரெண்டா கைப்பையைத் தரையில் வைத்தாள். நாற்காலியோடு வலேரியு பக்கம் திரும்பினாள். "இந்தா இருக்கானே, இவன் பண்ண வேலைய சொல்றேன் கேளு. முழங்கால் ஆபரேஷன் ஆகி நான் குனிய முடியாமக் கெடந்தேன். தெனம் காலையில எனக்கு சாக்ஸ் மாட்டிவிட்டவன் இவன். ரூம் ஹீட்டர்ல சூடு பண்ணிட்டு மாட்டுவான், காலு சில்லுன்னு ஆவக் கூடாதுன்னு. என் மவ ஒரு வருஷமா இவனோட பேசல. அவ வீட்டுக் கூரை ஒழுகிச்சுன்னு இவன்தான் மழையில ஏறி நின்னான். கெத்தோட கல்லறைக்குப் பூ வெக்கறவன் இவன்! நான் மறந்தாலும் இவன் மறக்க மாட்டான். அப்பேர்ப்பட்டவன், மலப்பாம்பு மாதிரி கொறட்டை விட்டாலும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லிருக்கேன், ஆனா திட்டல. திட்டியிருக்கேன். அது வேற. ஆனா சுவத்துல கை வெக்கலாமா? என் புள்ளைங்க சுவத்துல?"

பாப்ஜாய் முதலில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக எழுதினான். சாக்ஸ் வந்ததும் நிறுத்திவிட்டான்.

வலேரியு எழுந்து நின்றான். நீதிபதி கையை உயர்த்தினார். என்ன தோன்றியதோ, இறக்கிவிட்டார்.

"வக்கீலம்மா சொன்னாங்க!" என்றான் வலேரியு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே. "சுவரு அசிங்கம், ஜட்ஜு பாப்பாரு, பாத்துக்கோன்னாங்க! வெளிய சொல்லாதேன்னாங்க! நான் யாருக்கும் சொல்லல!"

மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே மொழிபெயர்த்தார்: "சுவர் அழகற்றது எனத் தமது வழக்கறிஞர் கருத்துத் தெரிவித்ததாகவும், அதை வெளியிட வேண்டாமென அறிவுறுத்தியதாகவும் மேல்முறையீட்டாளர் கூறுகிறார்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ் டெசிமண்ட்?"

ரொவீனா எழுந்தாள். காது இரண்டும் சுட்டன. "ஐயா, எனது ஆலோசனை சற்றே வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம்..."

"நீயா?" என்றாள் ப்ரெண்டா. "ஏண்டி கண்ணு, நீயா? வெளிய என் பக்கத்துலயே உக்காந்து 'ஐயோ பாவம்'னு கேட்டுக்கிட்டிருந்தியேடி!"

"ஐயா," என்று பாப்ஜாய் குறுக்கே எழுந்தான், "எதிர்த்தரப்பு வழக்கறிஞரே இப்போது சாட்சியாகிறாரா?"

"நீ உக்காரு தம்பி, உன் முறை முடிஞ்சுது." ப்ரெண்டா வலேரியு பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டா சொல்லித் தொலையல?"

"சட்டம்."

"பொண்டாட்டிகிட்டகூடவா?"

"பொண்டாட்டி வக்கீல் இல்ல."

"அறிவு கெட்டவனே! சாப்பிடாமக்கூடக் கெடந்தானே இத்தன நாளு! சூப்பு வெச்சேன், தொடல! எனக்கென்னன்னு நானும் விட்டேன். விடல, சூடு பண்ணி மறுபடி வெச்சேன்..." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். வலேரியு வந்து கைக்குட்டையை நீட்டினான். வாங்கிக்கொண்டு அவன் கையில் ஓர் அடி வைத்தாள்.

ரொவீனா நின்றுகொண்டே இருந்தாள். பதினைந்து வருடத் தொழிலில் எத்தனையோ கல்யாணங்களை உண்மையென்று நிரூபித்திருக்கிறாள். ஒன்றை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. தன் முன்னாள் கணவனுக்கு என்ன சூப் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"மிஸ்டர் பாப்ஜாய், இன்னும் கேள்விகள் உண்டா?" என்றார் நீதிபதி.

"இல்லை, ஐயா."

"கடைசிக் கேள்வியும் இல்லாமலே இருந்திருக்கலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காரணங்களைப் பிறகு எழுத்தில் தருகிறேன். முடிவை இப்போதே சொல்லிவிடலாம். இந்தத் திருமணம் உண்மையானதா என்பதே என் முன்னுள்ள கேள்வி, மகிழ்ச்சியானதா என்பதல்ல. மகிழ்ச்சியைச் சட்டம் கேட்கவில்லை. கேட்டால் பல நீதிபதிகளே நாட்டைவிட்டுப் போக வேண்டியிருக்கும். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது."

இப்படியாக ரொவீனா டெசிமண்ட் ஒரு வாதமும் செய்யாமல், ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேசி முடிக்காமல், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வெற்றியைப் பெற்றாள்.

வெளியே வந்ததும் ப்ரெண்டாவிடம் போனாள். 'சற்றே', 'இருக்கலாம்' எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினாள்.

"தப்பு என்னோடது, ப்ரெண்டா. வாய்க்கு வந்ததச் சொன்னேன். அதுவாச்சும் போகட்டும், காலையில உங்ககிட்ட ஒத்துக்கிட்டிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

ப்ரெண்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் வீட்டுச் சுவரு எப்படி இருக்கும்?"

"வெள்ளையா."

"அதான்," என்றாள் ப்ரெண்டா. மன்னித்தாளா இல்லையா என்று சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, வலேரியுவைப் பஸ் டிக்கெட் எங்கே என்று அதட்டியபடியே போய்விட்டாள்.

அலுவலகத்தில் கதை ரொவீனாவுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. "பிரமாதம் மிஸ்," என்றார் லெஸ்லி. "இனிமே பூச்சு வேலைக்கும் சேத்து ஆர்டர் எடுக்கலாமா?" ஒரு வாரத்துக்கு யார் எதிரே வந்தாலும் அவளைப் பார்த்துச் சுவரைத் தடவிக் காட்டினார்கள். படித்தவர்களின் நகைச்சுவை உணர்வு அப்படி.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் ப்ரெண்டாவே போனில் வந்தாள்.

"கண்ணு, உன் கார்டுல பேருக்குக் கீழ குடும்ப வழக்குன்னும் போட்டிருக்கே. டைவர்ஸுக்கு எப்படி?"

ரொவீனா நாற்காலியில் நிமிர்ந்தாள். "உங்களுக்கு நான் பண்ண முடியாது ப்ரெண்டா. அவருக்காக வாதாடினவ நான். வேற ஆளச் சொல்றேன். என்ன ஆச்சு?"

"நாய் வாங்கிட்டு வந்துட்டான். கேக்காம. கன்னுக்குட்டி உசரம்."

"சரி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. டைவர்ஸ் ஆச்சுன்னா விசா போயிடும். நாட்டவிட்டு அனுப்பிடுவாங்க."

போனில் நாய் குரைத்தது.

"யாரு அனுப்புவா?"

"கவர்மென்ட்."

"அவங்க யாரு நடுவுல? என் புருஷனத் தொரத்தணும்னா நான் தொரத்துவேன். நான் தொரத்தினா தங்கச்சி வீட்டோட நிப்பான், பசிச்சா வந்துடுவான். இவங்க ஏரோபிளேன்ல ஏத்திடுவாங்களாமா? நல்லா இருக்கே ஞாயம்! வேணாம் கண்ணு, விடு. டேய், அத சோபாவுலேருந்து எறக்கு!"

போன் வைக்கப்பட்டது.

விசாவை நீட்டிக்கும் காலம் வந்தபோது லெஸ்லி அந்த வேலையையும் ரொவீனாவிடமே கொடுத்தார். புது விண்ணப்பத்தோடு நாய் சோபாவில் படுத்திருக்கும் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். படத்தைப் பற்றி ரொவீனா யாரிடமும் ஒரு கருத்தும் சொல்லவில்லை. இந்த முறை நேர்காணலுக்கே கூப்பிடாமல் அனுமதி வந்தது. பாப்ஜாய் இலாகா மாறிப் போய்விட்டானாம். இப்போது மீன்பிடி உரிமம் கொடுக்கும் பிரிவில் இருப்பதாகக் கேள்வி.