கொழும்பு மெப், வாகரை மெப்

பெயர் வைத்தவன் சிவதர்ஷன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

மட்டக்களப்புக் கல்லடியில் வினோஜனின் கராஜ் என்று ஊர் சொன்னது நாலு இரும்புக் கம்பத்தையும் அதன் மேல் கிடந்த தகரத்தையும்தான். சுனாமிக்கு முன் அந்த இடத்தில் அவனுடைய வீடு இருந்தது. கடல் வந்த நேரம் அவன் டோஹாவில், அறபிப் பொடியன்களின் கார்களுக்கு வேகம் ஏற்றிக் கொடுக்கும் ஒரு கராஜில் நின்றான். அடித்துப் பிடித்து வந்து பார்த்தபோது வீட்டின் நிலம் மட்டும் சிவப்புப் பூச்சோடு அப்படியே கிடந்தது. அம்மாவின் உடலை அடையாளம் கண்டு, தூக்கி வந்து, குழி வெட்டி அடக்கம் செய்தவன் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சிவதர்ஷன். அப்படிப்பட்டவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கடல் எத்தனையோ பேரின் பிழைப்பைக் கெடுத்தது. சிவதர்ஷனுக்கு மட்டும் ஒரு பிழைப்பைக் கொடுத்தது. நிறுவனங்கள் வந்தன, வெள்ளைக்காரர் வந்தார்கள், வீடு கட்ட வேண்டும் என்றார்கள். சீமெந்து குழைக்கத் தெரியுமோ இல்லையோ, சிங்களமும் இங்கிலிசும் பேசத் தெரிந்தவன் கொந்தராத்துக்காரன் ஆனான். வினோஜனும் மனைவி தனுஷியாவும் கைக்குழந்தையோடு குடியிருந்த வீடுகூட அவன் கட்டியதுதான். சுவரில் ஆணி அடித்தால் மணல் கொட்டும். அதைச் சொல்லி வினோஜனும் சிவதர்ஷனும் சிரிப்பார்கள். அந்த அளவுக்குச் சிநேகிதம்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் சிவதர்ஷன் டர்போ போட்ட பழைய லான்சர் ஒன்றை வாங்கிக் கொண்டு வந்து நிறுத்தினான். வன்னியில் குண்டு மழை, இங்கே முழத்துக்கு ஒரு சோதனைச் சாவடி, இவனுக்கு ரேஸ் கார்.

"இதப் பறக்க வைக்கணும் மச்சான்," என்றான்.

"பறக்க வைக்கலாம். பெற்றோலுக்கு எங்க போற?"

விஷயம் இதுதான். எஞ்சினுக்கு ஒரு கணினி இருக்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எப்போது பொறி தட்டுவது என்று அதற்குள் ஒரு கணக்கு எழுதியிருக்கும். அந்தக் கணக்குக்கு அந்தத் தொழிலில் மெப் என்று பெயர், தேசப்படத்துக்கு இங்கிலிசில் சொல்லும் அதே சொல். நல்ல பெற்றோலுக்கு எழுதிய மெப்பில் கெட்ட பெற்றோலை ஊற்றி ஓடினால் எஞ்சினுக்குள் தட்டுச் சத்தம் கேட்கும். பிறகு பிஸ்டன் உடையும். மட்டக்களப்பில் கிடைப்பது தரம் குறைந்த தொண்ணூறுப் பெற்றோல். வடக்கே வாகரைப் பக்கம் கடைகளில் போத்தலில் விற்பதில் எத்தனை பங்கு மண்ணெண்ணெய் என்று விற்பவனுக்கே தெரியாது. தொண்ணூற்றைந்து வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து பிளாஸ்டிக் கானில் கொண்டுவர வேண்டும். ஆகவே இரண்டு மெப் எழுதி, ஒரு சுவிச்சால் மாற்றிக்கொள்ளும்படி செய்வோம் என்றான் வினோஜன்.

"நம்பரெல்லாம் எனக்கு மண்டையில நிக்காது. பேர் வைச்சு விடு," என்றான் சிவதர்ஷன்.

"நீயே வை."

"போத்தல் பெற்றோலுக்கு வாகரை மெப். கான் பெற்றோலுக்குக் கொழும்பு மெப். வாகரையெண்டா மாட்டுவண்டி, கொழும்பெண்டா ரொக்கெட். எப்பிடி?"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வினோஜன் அந்தச் சிரிப்போடேயே லெப்டொப்பில் அந்தப் பெயர்களை அடித்தான்.

வேலையை அவன் ஆசையாகத்தான் செய்தான். டோஹாவை விட்டு வந்த பிறகு ஊதாத ஹோன் திருத்துவதும் பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றுவதுமாகக் கழிந்த காலத்தில் அவனுக்குப் பிடித்த வேலை ஒன்று வந்து வாய்த்திருந்தது. எஞ்சின் கணினியின் ஊசிக்கால்களில் சும்மா கிடந்த ஒன்றில் மெல்லிய மஞ்சள் வயரை ஒட்டி, அதை ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிச்சுக்கு இழுத்து, அங்கிருந்து காரின் உடம்புக்கு எர்த் கொடுத்தான். சுவிச்சைத் தட்டினால் எர்த் கிடைக்கும், கொழும்பு. விட்டால் வாகரை. வயர் எங்காவது அறுந்து போனாலும் வாகரையில்தான் வந்து நிற்கும், எஞ்சின் தப்பும். கொழும்பில் இருப்பது தெரிய ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வைத்தான். முதலில் விளக்கு நின்று நின்று எரிந்தது. தேடிப் பார்த்தால் எர்த் முறுக்கிய இடத்தில் பெயின்ற். சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கினான், சரியாயிற்று.

ஓட்டிப் பார்க்க நீட்டு ரோட்டு வேண்டும். சிவதர்ஷனுக்கு வாகரையில் வீடு கட்டும் கொந்தராத்து இருந்தது. அவன் கல் ஏற்றிய ரிப்பர் லொறிகள் போகும் வழியில், பனிச்சங்கேணிக்கு இப்பால், புதிதாகத் தார் போட்ட துண்டொன்று ஆளரவமில்லாமல் கிடந்தது. காலையில் இரண்டு பேருமாகப் போனார்கள். சாவடிகளில் சிவதர்ஷன் கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை சிங்களம் பேசினால் தடை தானாகத் தூக்கும். வேலை நடக்கும் இடத்தில் அவன் இறங்கிக்கொண்டு, "நீ ஓட்டிப் பாத்திட்டு மத்தியானம் வந்து ஏத்து," என்றான்.

எஞ்சின் தட்டுகிறதா என்று காதால் கேட்க வினோஜனுக்கு ஒரு வழி இருந்தது. எஞ்சினில் ஒரு சின்ன மைக்கை இறுக்கி, அதன் வயரைப் பொனற் இடுக்கால் வெளியே எடுத்து, கண்ணாடி வழியாக உள்ளே கொண்டுவந்து, காதில் ஹெட்போன் போட்டுக்கொள்வான். பக்கத்து சீற்றில் லெப்டொப். வாகரை மெப்பில் ஒரு ஓட்டம், கொழும்பு மெப்பில் ஒரு ஓட்டம். சுவிச்சைக் கொழும்புக்குத் தட்டியபோது முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. தட்டுச் சத்தம் துளிகூட இல்லை. களப்புத் தண்ணீர் ஒரு பக்கம் பளபளவென்று ஓடியது. அவன் தன்னை மறந்து சத்தம் போட்டுச் சிரித்தான். அந்தச் சந்தோசத்தில் ரோட்டுத் துண்டு முடிந்ததையும் கவனிக்கவில்லை. வளைவுக்கு அங்கால் சாவடி இருந்தது.

சில நாட்களுக்கு முன்தான் கொழும்புக்கு மேல் புலிகளின் விமானம் வந்து விழுந்திருந்தது. சாவடியில் நின்ற ஆமிப் பொடியனுக்குப் பயத்தில் உதடு வெளுத்திருந்தது. அவனையும் என்ன சொல்ல முடியும்? இரைந்துகொண்டு ஒரு கார் வருகிறது, உள்ளே தனியாக ஒரு தமிழன், காதில் ஏதோ மாட்டியிருக்கிறான், பொனற்றிலிருந்து வயர் ஓடி அவன் மடிக்கு வருகிறது.

இறக்கினார்கள், முழங்காலில் இருத்தினார்கள். ஒருவன் ஸ்டியரிங்குக்குக் கீழே கை விட்டான். "மே மொகத்த?" என்று சுவிச்சைக் காட்டினான். இது என்ன?

வினோஜனுக்கு அறபு வரும், ஹிந்தி வரும், சிங்களம்தான் வராது. தெரிந்ததை வைத்துச் சமாளிக்கப் பார்த்தான். "மெப், சேர். மெப் ரெண்டு. மாறுறது."

"மெப்?"

"ஓம் சேர், மெப்." ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, தானே லெப்டொப்பைத் திறந்தும் காட்டினான். அதில் இரண்டே இரண்டு பெயர். வாகரை மெப். கொழும்பு மெப். இங்கிலிஸ் எழுத்தில், யாரும் வாசிக்கும்படி.

அதற்குப் பிறகு அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கண்ணைக் கட்டினார்கள்.

அன்று பின்னேரமும் இரவும் நடந்ததை வினோஜன் யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. அடியெல்லாம் வாங்கிய நேரத்திலும் அவன் மனதில் ஒரு தைரியம் இருந்தது. கார் சிவதர்ஷனுடையது, பெயர் வைத்ததும் சிவதர்ஷன், அவனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் வருவான், வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

வந்தான்தான். மறுநாள் காலை அவனைக் கூட்டிவந்து வினோஜனுக்கு நேரே இருத்தினார்கள். மேசையில் லெப்டொப்பும் ஹெட்போனும் பிடுங்கி எடுத்த சுவிச்சும் கிடந்தன. வினோஜனின் முகத்தைப் பார்த்ததும் சிவதர்ஷன் கண்ணை மேசைக்குத் திருப்பிக்கொண்டான்.

அதிகாரி கேட்டார். சிவதர்ஷன் சொன்னான்: கார் என்னுடையதுதான் சேர். ஹோன் வேலை செய்யவில்லை என்று திருத்தக் கொடுத்தேன். இந்த வயர், இந்தச் சுவிச்சு, இந்த மெப் ஒன்றும் எனக்குத் தெரியாது.

அந்தச் சிங்களம் மட்டும் வினோஜனுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. அங்கே சிங்களம் சரளமாகப் பேசத் தெரிந்த தமிழன் ஒருவன்தான் இருந்தான். படித்த பாஷையை அவன் இதற்குத்தான் செலவழித்தான். எழுந்து போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

"மச்சான், பேர் நீதானேடா வைச்ச!" என்று வினோஜன் கத்தினான். தமிழில் கத்தியதால் அதற்கும் அடி விழுந்தது.

அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து எங்கேயோ என்று மாற்றி மாற்றிக் கடைசியில் தெற்கே ஒரு சிறையில் கொண்டுபோய் விட்டார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. வைகாசியில் ஒருநாள் வெளியே பட்டாசு வெடிக்கும் சத்தம் கேட்டது. யுத்தம் முடிந்துவிட்டது என்று காவலாளிகள் பாற்சோறு கொண்டுவந்தார்கள். சிலர் வாங்கவில்லை. வினோஜன் பசியில் வாங்கித் தின்றான். தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த வருடம் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சிவதர்ஷன் வந்திருந்தானாம். கொழும்பில் கார்களுக்கு மெப் எழுதும் ஒருவரையும் கூட்டிவந்தானாம். அந்த மனிதர் லெப்டொப்பைத் திறந்து காட்டி விளக்கியதும், மேசையில் வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்ததாம். புதிதாக வந்திருந்த அதிகாரி வினோஜனிடம் இங்கிலிசில் கேட்டார்: இவ்வளவுதான் விஷயமென்றால் உங்கள் சிநேகிதர் ஏன் முந்தியே வந்து சொல்லவில்லை?

ஊரில் கதை வேறு விதமாக ஓடியது. சிவதர்ஷன்தான் அலைந்து திரிந்து சிநேகிதனை வெளியே எடுத்தான். சிவதர்ஷன் மாதிரி ஒருத்தன் வேண்டும். சிவதர்ஷன் இப்போது பாலம் திறக்கிறவர்களோடும் ரோட்டுத் திறக்கிறவர்களோடும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆளாகியிருந்தான். வினோஜன் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஒழுங்கையில் குடியிருந்த சனமெல்லாம் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வளவு இராசாத்தி மாமி விடியவே வந்து இறால் கறி ஆக்கினாள். அவளுடைய மகள் வன்னியில் கலியாணம் முடித்துப் போனவள். யுத்தம் முடிந்ததிலிருந்து அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

நடுவில் சிவதர்ஷன் இருந்தான். கொஞ்சம் தடித்திருந்தான். வினோஜனின் மகள் அவனை மாமா மாமா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். பெற்ற தகப்பனைக் கண்டால் தாயின் சட்டைக்குள் ஒளிந்தாள். வினோஜன் இலையில் வைத்த சோற்றைத் தொடவில்லை. அதைத் தூக்கிச் சிவதர்ஷனின் முகத்தில் அடிக்க இலையின் ஓரத்தைப் பிடித்தான்.

தனுஷியா அதைக் கண்டுகொண்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லுங்களன். அவர் இல்லாட்டி நாங்க எங்க நிண்டிருப்பம்?"

சனம் வினோஜனைத் திரும்பிப் பார்த்தது. சிவதர்ஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நன்றி மச்சான்," என்றான் வினோஜன்.

அடி வாங்கியபோதுகூட அவன் வாயிலிருந்து வர மறுத்த சொற்கள் இருந்தன. இது வந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு, தனுஷியா குசினிப் படியில் குந்தியிருந்து சட்டி தேய்த்தாள். வினோஜன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான்.

"அவன் அண்டைக்கு என்னைக் காட்டி என்ன சொன்னவன் எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆர் சொன்ன?"

"அவரேதான். நீங்க புடிபட்ட மாசமே வந்து, உந்த வாசல்ல இரிந்து அழுதவர். பயத்தில சொல்லிப்போட்டன் தங்கச்சி எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"அழ வேணாம், அரிசி கொண்டாங்க எண்டன். புள்ளைக்குப் பால்மாப்பெட்டியும் இல்ல அப்ப." அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "மாசா மாசம் கொண்டந்து தந்தவர். வாற நேரமெல்லாம் நானும் கேட்டன், இப்ப போய்ச் சொல்லுவீங்களா, இப்ப போய்ச் சொல்லுவீங்களா எண்டு. சண்ட முடியட்டும், இப்ப வாயத் துறந்தா என்னையும் போட்டிருவானுகள் எண்டார்."

"நீயும் கேட்டுக்கொண்டு இரிந்த."

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? அவர விட்டா எனக்கு ஆர் இரிந்த?" அவள் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "மறுகா நானும் அதையே கும்புடத் தொடங்கிட்டன். சண்ட முடியட்டும். ஆரு வெண்டாலும் சரி, எப்பிடி முடிஞ்சாலும் சரி, கெதியா முடியட்டும் எண்டு முருகனுக்கு நேந்தன். அங்க சனம் செத்துக்கொண்டு கிடக்கெண்டு தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் நேந்தன்."

வினோஜன் சுவரில் சாய்ந்தான். மணல் கொட்டியது.

"சண்ட முடிஞ்சுதெண்டு சந்தியில வெடி கொளுத்தின அண்டைக்கு இந்த ஒழுங்கையில ஒரு வீட்டிலயும் அடுப்பு மூட்டல்ல. நான் மட்டும் புள்ளயத் தூக்கிக் கொஞ்சிக் கொஞ்சிச் சிரிச்சன், அப்பா வரப்போறார் எண்டு. திரும்பிப் பாத்தா இராசாத்தி மாமி வேலிக்கு அங்கால நிக்கிறா."

"ஏதும் சொன்னவவா?"

"ஒண்டும் சொல்லல்ல. இண்டைக்கு உங்களுக்கெண்டு இறால் வாங்கினதும் அவதான்."