அர்ச்சுனன் மிதித்த புல்தரை

வாங்க கண்ணுங்களா, கிட்ட வந்து குந்துங்க. ரத்தம்னா பயப்படுறவங்க அம்மா மேல சாஞ்சுக்கங்க. மரக்காணத்து உப்பளம் ஓரமா, ஒரு புல்தரை மேல மூணு ஆம்பளைங்க அடிச்சிக்கிட்ட கதையச் சொல்றேன். மூணு பேரும் உசுரோட இருக்காங்க, அதை முன்னாடியே சொல்லிடுறேன். நெஞ்சைப் புடிச்சிக்கிட்டுக் கேக்க வேணாம். முழுசா இருக்காங்களான்னு மட்டும் இப்பவே கேக்காதீங்க.

அர்ச்சுனன் பதினெட்டு வருசம் அளத்தில் உப்பு வாரியவன். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி ஏறி, செருப்புக்கூட போட முடியாமல் ஆனபோது அளத்தை விட்டான். சேர்த்து வைத்திருந்த காசுக்குப் புல் வெட்டும் மிஷின் ஒன்று வாங்கி மொபெட்டின் பின்னால் கட்டினான். பெரிய முதலியார்சாவடியில் இருந்து மரக்காணம் வரைக்கும் கடலோரம் கட்டியிருக்கிற பங்களாக்களுக்கு அவன்தான் தோட்டக்காரன். யாருக்கும் மாசச் சம்பளக்காரன் இல்லை. பேச்சு அவனுடையது, வேலையும் அவனுடையது. அந்த மிஷின் ஓடினால் அடுப்பு எரியும், நின்றால் நிற்கும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரபாணி என்று ஒருவர். சென்னையில் லாரி வைத்து ஓட்டுகிறவர். அளத்தை ஒட்டிப் புதுசாக வீடு கட்டி, மகள் கல்யாண வரவேற்பை அங்கேயே வைக்கத் தீர்மானித்தார். முன்பக்கம் முழுக்கப் புல், சுற்றிலும் செடி. மொத்தம் எழுபதாயிரம் என்று வாய்ப்பேச்சு. செம்மண் அடிக்க இருபதாயிரம் முன்பணமாகக் கொடுத்தார்.

"மீதி ஐம்பது எப்பப்பா?"

"புல்லு பச்சைப் புடிச்ச பொறவு குடுங்க சார்" என்றான் அர்ச்சுனன். நல்ல வேலைக்காரனுக்கு வருகிற திமிரில் சொன்ன வார்த்தை அது.

புல்லையும் செடியையும் கிளியனூரில் நர்சரி வைத்திருக்கிற ஞானமேரியிடம் கடனுக்கு எடுத்தான். அந்த அம்மா நல்லவள்தான், கணக்கில் கறார். "மாசக் கடைசிக்குள்ள வரலன்னா உன் மிஷின என் ஷெட்டுல கொண்டாந்து போட்டுடுவேன். அப்புறம் அக்கா நொக்கான்னு வந்து நிக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சக்கரபாணி வீட்டு வாட்ச்மேன் தனக்கோடி. அர்ச்சுனனோடு அளத்தில் ஒரே உப்புப்பாத்தியில் வேலை பார்த்தவன், வயசில் சின்னவன். அர்ச்சுனனை அண்ணே, அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

மண் அடிக்கிறதுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு காரியம் செய்தார்கள். அளத்தில் சீசன் தொடங்குமுன் பாத்தியின் தரையை மிதிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விட்டு, களியைக் குழைத்து, வரிசையாக நின்று, அடிமேல் அடிவைத்து நாள் கணக்காக மிதிப்பார்கள். குதிகால் பதியாத அளவுக்கு இறுகினால்தான் உப்புத்தண்ணி கீழே இறங்காமல் நிற்கும். அர்ச்சுனன் யோசித்தான்: இது உப்புப் பூமி. கீழே இருக்கிற உப்பு மேலே வந்தால் புல் செத்துப்போகும். தரையைப் பாத்தி மாதிரி இறுக்கிவிட்டு அதற்குமேல் செம்மண்ணைப் போட்டால் உப்பு ஏறாது.

இரண்டு பேரும் தோளில் கைபோட்டு மூன்று நாள் மிதித்தார்கள். சக்கரபாணி கார் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "என்னப்பா, டான்ஸ் ப்ராக்டிஸா?" என்றார். தனக்கோடி சிரித்துக்கொண்டே, "இதுக்குமேல லாரிய உட்டாலும் சக்கரம் பதியாது சார்" என்றான். உண்மையும் அதுதான். அதன் பிறகு செடிகளுக்குக் குழி எடுக்க, அந்தத் தரையைக் கடப்பாரையால் குத்தி உடைக்க வேண்டியிருந்தது. கம்பி பட்ட இடமெல்லாம் டங்டங் என்று சத்தம். குழி வெட்டிச் செடி வைத்தான். மற்ற இடமெல்லாம் செம்மண் பரப்பிப் புல்லைப் பாய் மாதிரி விரித்தான்.

இரண்டு வாரம் பச்சை. மூன்றாவது வாரம் நுனி மஞ்சள். வரவேற்பு அன்றைக்கு வைக்கோல். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் செருப்பால் புல்லைக் கிளறி, "சம்பந்தி மாட்டுக்குத் தீவனம் காய வச்சிருக்காருபோல" என்று சொல்ல, பந்தலே சிரித்தது. சக்கரபாணியும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குள்ளே எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத்தான் தெரியும்.

அர்ச்சுனன் பணம் கேட்டுப் போனான். "புல்லு பச்சையா இருக்குதா? இல்ல. நீ சொன்ன பேச்சுதானே?" என்று அனுப்பிவிட்டார்.

போனில் கேட்டான். மெசேஜ் போட்டான். பார்த்ததற்கு நீலக்கோடு விழுந்தது, பதில் விழவில்லை.

மூன்றாவது முறை நேரில் போய், "உங்க போர் தண்ணி கரிக்குது சார். அதுல புல்லு எப்படிப் பொழைக்கும்? என் வேலையில குத்தம் இல்ல" என்றான்.

"உப்பு வாருன கைடா உன் கை. நீ தொட்டா எதுவும் உப்பாத்தான் போவும்."

"கையப் பத்திப் பேசாதீங்க சார்."

"பேசுனா என்ன பண்ணுவ?"

அர்ச்சுனன் ஒரு அடி முன்னால் வைத்தான். அவ்வளவுதான். சக்கரபாணி செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் அறைந்தார். "தனக்கோடி, இவன வெளிய தள்ளு. இல்ல, நீயும் அவனோட போயிடு."

தனக்கோடிக்கு வீட்டில் மூன்று பிள்ளை. கையில் இருந்த தடியால் அர்ச்சுனனை நெஞ்சில் குத்தித் தள்ளினான். அர்ச்சுனன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்க, தடி இரண்டாவது முறை வாயில் விழுந்தது. முன்பல் இரண்டு கேட் ஓரத்து மண்ணில் கிடந்தன. "போயிடுண்ணே, போயிடு" என்று அடித்தவனே கெஞ்சினான். கெஞ்சிக்கொண்டே இன்னொன்று வைத்தான்.

மாசம் முடிந்த மறுநாள் ஞானமேரியின் ஆள் வந்து மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

அர்ச்சுனன் கஞ்சியைக் குடித்தான். பல் இல்லாத இடத்தில் கஞ்சி எரிந்தது. எழுந்து கடப்பாரையை எடுத்தான்.

பெண்டாட்டி ஜெயப்ரியா வாசலில் நின்றாள். "எங்க போற?"

"என் புல்லு. அவன் காசு தரல. நானே பேத்து எடுத்துட்டு வரப்போறேன்."

"புல்லு பேக்க மம்முட்டி போதுமே. கடப்பாரை எதுக்கு?"

அவள் மம்முட்டியைக் கொண்டுவந்து வண்டியில் சாய்த்து வைத்தாள். அவன் அதை இறக்கித் திண்ணைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடப்பாரையோடு கிளம்பினான்.

பங்குனி வெயில், உச்சிப்பொழுது. அளத்து உப்புக்குவியல் எல்லாம் கண்ணைக் குத்துகிறது. கேட்டுக்கு உள்ளே தனக்கோடி இரும்புக் குழாயோடு நின்றான்.

"அண்ணே, திரும்பிடு. இன்னிக்கு சார் உள்ள இருக்காரு."

"அவரு இருக்கணும்னுதான் வந்தேன். நகர்றா."

"நான் நகர முடியாதுண்ணே."

அர்ச்சுனன் கேட்டை எட்டி உதைத்தான். தாழ்ப்பாள் தெறித்தது. தனக்கோடி வீசிய குழாய் அவன் தோளில் இறங்கியது. எலும்பு உள்ளே மளுக்கென்றது. அர்ச்சுனன் வலியைப் பார்க்கவில்லை, கடப்பாரையைக் கீழ்வாட்டில் சுழற்றினான். அது தனக்கோடியின் வலது முட்டியில் போய் நின்றது. தேங்காய் உடைகிற சத்தம். அவன் புல்மேல் விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தான். சத்தம் வரவே கொஞ்ச நேரம் ஆனது.

சக்கரபாணி வெளியே ஓடி வந்தார். தேங்காய் வெட்டுகிறவன் வராந்தாவில் விட்டுப்போன அருவாள் கையில் இருந்தது. லாரிக்காரர், சின்ன வயசில் கிளீனராக எத்தனையோ அடிதடி பார்த்தவர், பயந்து ஒதுங்குகிற ஆள் இல்லை. "என் வீட்டுக்குள்ள வந்து என் ஆள அடிக்கிறியாடா" என்று வெட்டினார். அர்ச்சுனன் கடப்பாரையைக் குறுக்கே கொடுத்தான். அருவாள் கம்பியில் வழுக்கி இடது கைக்கு வந்தது. சுண்டுவிரல் தனியாகப் போய் விழுந்தது. ரத்தம் காய்ந்த புல்லில் பீச்சியது. அவன் தலையைத் தாழ்த்தி மாடு முட்டுகிற மாதிரி முட்டினான். சக்கரபாணி மல்லாந்து விழுந்தார். அருவாள் எங்கேயோ போனது. அர்ச்சுனன் அவர் நெஞ்சில் முழங்காலை வைத்து, கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான்.

பயப்படாதீங்க கண்ணுங்களா. முன்னாடியே சொன்னேன் இல்ல.

தோள் எலும்பு உடைந்ததாலா, கை ரத்தத்தில் வழுக்கியதாலா, யாருக்குத் தெரியும். கம்பி அவர் காதை உரசிக்கொண்டு தரையில் இறங்கியது.

டங்.

மண்ணில் இறங்குகிற சத்தம் இல்லை அது. அர்ச்சுனனுக்கு அந்தச் சத்தம் தெரியும். பதினெட்டு வருசம் காலால் கேட்டது. கம்பியைப் பிடுங்கினான். கூடவே புல்லும் செம்மண்ணும் ஒரு தோல் மாதிரி கழன்று வந்தது. அடியில் வெள்ளை. விரல் கனத்துக்கு உப்பு, பாறை மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதற்குக் கீழே அவர்கள் மிதித்த தரை, கண்ணாடி மாதிரி.

கீழே இருக்கிற உப்பை மறித்தது சரிதான். ஆனால் மேலே ஊற்றுகிற தண்ணீருக்குக் கீழே போக வழியே இல்லை. கரிக்கிற போர் தண்ணீர் அங்கேயே நின்றது, வெயில் குடித்தது, உப்பை விட்டது. புல்லுக்கு அடியில் அவன் ஒரு நல்ல பாத்தி கட்டியிருந்தான். பாத்தி என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தான். காம்பவுண்டு ஓரம் அவன் வைத்த காகிதப்பூவும் அரளியும் பூத்துக் குலுங்கிக்கொண்டு நின்றன. அதே தண்ணீர்தான். குழி வெட்டும்போது தரையை உடைத்திருந்தான் இல்லையா, அதனால் பிழைத்தன.

முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்த தனக்கோடியும் அந்த வெள்ளையைப் பார்த்தான். "நாம மிதிச்சது" என்றான், அழுதுகொண்டே.

அர்ச்சுனன் கடப்பாரையைக் கீழே போட்டான். "சார்" என்றான்.

சக்கரபாணி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்.

"சார், புல்லு செத்தது என்னாலதான். செடி பொழைச்சதும் என்னாலதான். செடிக் காசு முப்பதாயிரம் குடுங்க. புல்லுக் காசு வேணாம்."

அவர் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். "மொதல்ல என் மேல இருந்து எந்திரிடா" என்றார்.

மூன்று பேரையும் ஒரே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சக்கரபாணியின் சம்சாரம். பின்சீட்டில் தனக்கோடியின் கால் அர்ச்சுனன் மடியில். விரலைத் தேடி எடுத்து ஐஸ் போட்டுக் கொண்டுபோனாள் அந்த அம்மா, ஒட்டவில்லை. எப்படி ஆச்சு என்று நர்சு கேட்க, ஒருத்தன் தென்னை மரத்தில் இருந்து விழுந்ததாகச் சொன்னான், இன்னொருத்தன் கேட் மோதியதாகச் சொன்னான், சக்கரபாணி படிக்கட்டில் வழுக்கியதாகச் சொன்னார். "ஒரே வீட்டுல ஒரே நேரத்துலயா?" என்றாள் அவள். போலீஸ் வந்தது, கேட்டது, மூன்று பேரும் அதே கதையைச் சொல்ல, எழுதிக்கொண்டு போனது.

சக்கரபாணி முப்பதாயிரத்தை ஞானமேரியிடம் நேராகக் கட்டினார். அர்ச்சுனன் கையில் கொடுக்கவில்லை. அவ்வளவு கோபம் மிச்சம் இருந்தது. மிஷின் திரும்பி வந்தது. புல்லுக்கு உண்டான பாக்கியை அர்ச்சுனன் அவள் நர்சரியிலேயே வேலை செய்து கழித்தான்.

தோள் கூடியதும் அந்த வீட்டுக்குப் போய், ஒன்பது விரலால் கடப்பாரை பிடித்து, மிதித்த தரையை முழுக்கக் குத்தி உடைத்தான். பன்னிரண்டு நாள் ஆனது. வாய்க்கால் பக்கமாகத் தண்ணீர் வடிய ஒரு வடிகால் வெட்டினான். காசு கேட்கவில்லை. சக்கரபாணியும் கொடுக்கவில்லை. கடைசி நாள் மட்டும் ஒரு டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது யார் தோட்டம் கேட்டாலும் அர்ச்சுனன் முதலில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுகிறான். தண்ணீர் இறங்கினால்தான் விலை பேசுகிறான். பேசியதை எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறான்.

தனக்கோடிக்குக் கால் மடங்காது. வாட்ச்மேன் வேலைக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார் சக்கரபாணி. சனிக்கிழமை தோறும் கட்டுப் போட அவனை மொபெட்டில் வைத்துக் கூட்டிப்போனது அர்ச்சுனன்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், சிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் தனக்கோடி அதற்குப் பிறகு அண்ணே என்று கூப்பிட்டதில்லை. பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

சரி கண்ணுங்களா, நேரமாச்சு, எழுந்துக்கங்க. உங்க வீட்டு வாசல்ல ஊத்துற தண்ணி தேங்காம இறங்கணும். உங்க வீட்டு ஆளுங்க உழைச்ச காசு கேக்குறதுக்கு முன்னாடி வரணும். சண்டைக்குக் கெளம்புற அன்னிக்கு வாசல்ல மம்முட்டியக் கொண்டாந்து வைக்க ஒரு ஆள் இருக்கணும், அதை எடுத்துக்கிட்டுப் போற புத்தியும் இருக்கணும். புள்ளகுட்டியோட, பத்து விரலோட, நல்லா இருங்க.