ஆடு குறுக்கே வந்த பாட்டு

1
ராசிபுரத்தில் தெரிந்தவர் வீட்டில் பழைய வீடியோ கேசட் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பெண் பாடுகிறாள். வாய் ஒன்றைப் பாட, டிவியில் சம்பந்தமில்லாத சினிமாப் பாட்டு ஓடுகிறது. நடுவில் ஒரு ஆடு வருகிறது. இந்தக் கதைக்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2
வருடம் 1986. நாமகிரிப்பேட்டை வேலுமணி, கல்யாண வீடியோ எடுப்பவன். தன் தொழிலில் ஈடு இணையற்ற கலைஞனான அவன்...

(வேண்டாம். தாலி கட்டும் கையை விட்டுவிட்டு நாதஸ்வரக்காரரின் கன்னத்தைப் படம்பிடித்துத் திட்டு வாங்கியவன்.)

பொன்வண்டு மெல்லிசைக் குழு என்றால் அவனுக்கு உயிர். எந்த ஊர்க் கோயில் நோம்பியில் அவர்கள் மேடையேறினாலும் சைக்கிளை மிதித்துப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவான். பாடகி சௌந்திரத்தின் மேல் அவனுக்கு ஏதோ இருக்கிறது என்று இந்நேரம் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பாட்டு தொடங்குமுன்பே தட்டிவிடும் பாங்கோஸ்காரன் ஆண்டியையும் அவனுக்கு அதே அளவு பிடிக்கும்.

மேடையில் அவர்கள் பாடுவதெல்லாம் சினிமாப் பாட்டு. சௌந்திரம் சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. அதைப் பாட எந்த ஊரும் விடவில்லை. இளம்பிள்ளை விழாக் கமிட்டித் தலைவர் செங்கோட்டையன் மட்டும், "படம் புடிச்சுக் கொண்டாங்க சாமி, கமிட்டி பாத்துட்டுச் சொல்லும்" என்றார்.

(அந்தக் கமிட்டியில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறேன். பிறகு சொல்கிறேன்.)

3
வேலுமணி கேமராவோடு வர, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் களத்தில் படம் எடுத்தார்கள். காயப்போட்ட மரவள்ளி மாவின் வெள்ளையில் கேமராவுக்கே கண் கூசியது. இரண்டாவது சரணத்தில் ஒரு ஆடு மாவில் வாய் வைக்க வந்தது. சௌந்திரம் பாட்டை நிறுத்தி, "ச்சூ, போ" என்று விரட்டினாள்.

"மறுக்கா மொதல்ல இருந்து பாடட்டுங்களாண்ணா?"

"வேண்டாங்க. உட்ட எடத்துல இருந்து பாடுங்க. இதும் நல்லாத்தான் இருக்குது" என்றான் வேலுமணி. எனக்கு இவனைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

4
கேசட்டைச் சேலத்தில் ஒரு மிக்சிங் கடையில் கொடுத்தான். கல்யாண கேசட் வந்தால் அதிலிருக்கும் சத்தத்தை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டு ஏற்றுவது அந்தத் தொழிலின் வழக்கம். வேலுமணியிடமிருந்து கல்யாணத்தைத் தவிர வேறெதுவும் அந்தக் கடைக்கு வந்ததில்லை. அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சௌந்திரத்தைச் சுற்றி இதய வடிவத்தில் பூ வேறு போட்டிருந்தார்கள். அழிந்த பாட்டுக்கு வேறு பிரதி கிடையாது.

5
செங்கோட்டையன் வீட்டில் கமிட்டியும் மெல்லிசைக் குழுவும் கூடி, வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஏஞ்சாமி, வாய் ஒண்ணு பாடுது, சத்தம் ஒண்ணு வருது?" என்றார் செங்கோட்டையன்.

முடிவு ஒன்று: எல்லோரும் சிரிக்கிறார்கள், வேலுமணி தலைகுனிந்து பஸ் ஏற, ஜன்னலோரத்தில் மழை...

(அடித்துவிட்டேன். ஆசைப்பட்டுப் படம் எடுத்தவனை அழவிட எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: சௌந்திரம்தான் எழுந்தாள். "அண்ணா, சத்தத்தச் சுத்தமாக் கொறைச்சுப்போட்டு மொதல்ல இருந்து ஓட்டுங்க."

டிவியில் அவள் வாய் திறந்தபோது அறையில் அவள் குரல் வந்தது. ஆண்டி மடியிலேயே தட்டினான், வழக்கம்போல் முன்கூட்டியே. அவள் தன் உதட்டைப் பார்த்துக்கொண்டே பாடினாள். இரண்டாவது சரணத்தில் ஆடு வந்தது. அறையிலும் பாட்டு நின்றது. "ச்சூ, போ" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். அதன் பிறகு யாரும் டிவியைப் பார்க்கவில்லை.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. சந்தேகமே இல்லை, இதுதான். ஆனால் பாட்டின் வரிகளை என்னால் எழுத முடியவில்லை. நான் எழுதியதெல்லாம் சினிமாப் பாட்டாகவே வந்தது. அதனால் அது எப்படி இருந்தது என்று உங்கள் காதுக்குத்தான் தெரியும்.

பாடி முடித்து, தொண்டை வறண்டு, சௌந்திரம் நின்றுகொண்டிருக்கிறாள். கமிட்டியில் பாதிப்பேர் இந்தப் பாட்டு வேண்டும் என்கிறார்கள், பாதிப்பேர் தயங்குகிறார்கள். செங்கோட்டையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"நீங்க என்னுங் சொல்றீங்க?"