மாமன் மடியும் ஒரு மனுவும்

சுவேதாவுக்கு ஒரு வயது முடியப் போகிறது. சிதம்பரம் தில்லைக்காளியம்மன் கோயிலில் காது குத்துவதாக வேண்டுதல். நாள் குறித்தாயிற்று, ஆசாரியிடம் சொல்லியாயிற்று. ஒரே ஒரு குறைதான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், குழந்தையின் அப்பாவோடு ஐந்து மாதமாகப் பேசுவதில்லை.

தாய்மாமன் இளவரசு, குழந்தையின் அம்மா சத்யப்பிரியாவின் அண்ணன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு அளவு பார்க்கும் வேலை. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், விடுமுறைக்கு வருவான். அவள் கணவன் செம்பியன், பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையில் மீனவர் சங்கச் செயலாளர். சண்டை பொங்கலன்று கரும்பு கடிக்கும்போது தொடங்கியது.

"வருஷா வருஷம் புயல் பெருசாவுது, கடல் உள்ள ஏறுது. நிலக்கரிய உடணும்னா அணு மின்சாரம் வேணும் மாப்ள" என்றான் இளவரசு.

"கடல் ஏறுறது எங்க வூட்டுக்குள்ள. அதுக்கு மருந்துன்னு எங்க கரையிலயே உலையக் கொண்டாந்து வெப்பீங்களா? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றான் செம்பியன்.

இரண்டுமே நியாயமாகத்தான் சத்யப்பிரியாவுக்குப் பட்டது. ஆனால் பேச்சு தடித்து, "நீ வெல போனவன்", "நீ கட்சிக்காரன் குடுத்த பேப்பர ஒப்பிக்கிறவன்" என்று முடிந்துபோனது.

"அண்ணனுக்குப் பத்திரிக வெச்சீங்களா?" என்று காதுகுத்து நெருங்கியதும் அவள் கணவனிடம் கேட்டாள்.

"வாட்ஸப்புல அனுப்பிட்டேன்."

"தாய்மாமனுக்கு வாட்ஸப்புலயா? சரி, இன்னிலேருந்து ஒங்களுக்குச் சோறும் வாட்ஸப்புலயே வரும்."

ஞாயிறு காலையில் இருவரும் குழந்தையோடு கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். வழியெல்லாம் அவள் அம்மனை வேண்டிக்கொண்டே வந்தாள். அண்ணன் மடி இல்லாமல் வேறு யார் மடியிலோ குழந்தையை உட்கார வைப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அண்ணி இசைவாணி வாசலுக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். இளவரசு "வாங்க" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். சத்யப்பிரியா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கையும் தேங்காயையும் வைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த வாழைச்சீப்பைப் பிரித்தாள். கிளம்பும் அவசரத்தில் வீட்டு டிவிக்குக் கீழே கிடந்த காகிதக் கட்டிலிருந்து உருவிய தாள்கள் அவை. ஒன்று இளவரசுவின் காலடியில் விழுந்தது. எடுத்தான்.

'கடலோர அணு உலைத் திட்டங்களைக் கைவிடுக!' கொட்டை எழுத்தில், செம்பியனின் சங்கம் எழுதிய மனு.

சத்யப்பிரியா மற்ற தாள்களை அவசரமாகச் சுருட்டினாள். தாயே காளி, மாமனை அழைக்க வந்த இடத்தில் அவன் பிழைப்புக்கு எதிரான மனுவையா கொண்டுவந்தேன்! "அண்ணே, தெரியாம..." என்றாள். செம்பியன் முகம் கறுத்துத் தரையைப் பார்த்தான்.

இளவரசு மூக்குக்கண்ணாடி கேட்டான். கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"இத எங்க குடுக்கப் போறீங்க?"

"செவ்வாக்கெழம. பருவநிலை மாத்தத் திட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசுல கருத்து கேக்குறாங்க."

"இப்பிடியே குடுக்காதீங்க."

"ஏன், பயமா இருக்கா?"

"மூணாவது பாராவப் பாருங்க. கதிர்வீச்சு அளவ ஆயிரம் மடங்கு ஏத்திப் போட்டிருக்கீங்க. இது நெசம்னா நான் இன்னேரம் அந்தச் சொவத்துல மாலையோட தொங்கணும்."

அடுப்படியிலிருந்து இசைவாணி சிரித்தாள். "மாலைக்குப் பூ நான் வாங்கணும், அது ஜாஸ்தி செலவு!"

இளவரசு சிவப்புப் பேனாவை எடுத்தான். "இந்த ஒத்த வரியக் காட்டி மொத்த மனுவையும் தூக்கிப் போட்டுருவாங்க. தீந்துபோன எரிபொருள எங்க வெப்பீங்க, எத்தன வருஷம் காப்பீங்கன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அது நல்ல கேள்வி. அத மொதல்ல கொண்டாங்க." பேசிக்கொண்டே திருத்தினான். ஒரு வாதத்தையும் அடிக்கவில்லை. தப்பான எண்களை மட்டும் அடித்தான்.

"மச்சான், இது ஒங்களுக்கு எதிரா எழுதினது" என்றான் செம்பியன். குரல் இறங்கியிருந்தது.

"நல்லா எதிருங்க மாப்ள. எந் தங்கச்சி புருஷனப் பாத்து எவனும் சிரிக்கக் கூடாது, அவ்ளோதான்."

செம்பியன் எழுந்தான். வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தினான். "பொங்கலன்னிக்குப் பேசினது தப்பு மச்சான். ஒங்க மருமவளுக்குக் காது குத்துறோம். நீங்க வந்து ஒக்காரணும்."

இளவரசுவும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். கருத்து மாறாமலே மனம் மாற முடியும் என்பதைச் சத்யப்பிரியா அன்று கண்ணால் பார்த்தாள். கடவுள் பெரிய அற்புதங்களை எப்போதாவதுதான் செய்கிறார். இந்த மாதிரிச் சின்னக் காரியங்களுக்கு மனிதர்களை அனுப்பிவிடுகிறார்.

காது குத்தும் நாளில் சுவேதா மாமன் மடியில் புதுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். ஆசாரி கொளஞ்சியப்பன் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொட்டிக் கெடக்குற வெயில உட்டுட்டு அணு எதுக்கு மச்சான்?" என்று செம்பியன் ஆரம்பித்தான்.

"ஐப்பசி கார்த்திகையில பத்து நாள் மூடிக்கிட்டுப் பெய்யும்போது வெயிலுக்கு எங்க மாப்ள போவீங்க?"

"பேட்டரி இருக்குதே!"

"ஊருக்கே பேட்டரியா? அத எங்க வெப்பீங்க, ஒங்க படகுலயா?"

இருவர் கையும் காற்றில் ஆட, குழந்தை மேலும் கீழும் ஏறியிறங்கும் மாமனின் மீசையையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஊசி போனதும் தெரியவில்லை, தோடு ஏறியதும் தெரியவில்லை. பெண்கள் குலவையிட மறந்து சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு இரண்டு ஆண்களும் சட்டென்று வாயை மூட, சுவேதாவின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"பேச்ச நிறுத்தாதீங்க சாமி!" என்று பதறினார் கொளஞ்சியப்பன். "இன்னொரு காது பாக்கி இருக்கு!"