இரண்டு மணி நேரத்துக்குள்

மூளையில் ரத்தம் கசிந்த எலிகளைப் பிழைக்க வைத்த மருந்து உங்கள் மடியில் இருக்கிறது, பெற்ற அப்பா உங்கள் காலடியில் கிடக்கிறார் என்றால், நீங்கள் மூடியைத் திறப்பீர்களா?

ஷுவாங் அந்த வெள்ளைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வேன் சாய்ந்தது; பெட்டிக்குள் ஐஸ் கட்டிகள் உரசின. கீழே ஸ்ட்ரெச்சரில் அப்பா. அவர் வாய்க்குள் போன குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. அண்ணன் கோஃபு அதை அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும்.

காலையில் ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரத்தம் பரவி மூளையில் பாதி வெள்ளையாக இருந்தது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே கெளம்புங்க" என்றார். யாரும் மறுபேச்சு பேசவில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி, வெளியில் உயிர் போனவரை வீட்டு நடுக்கூடத்தில் கிடத்த முடியாது. வாசலுக்கு வெளியே தார்ப்பாய் கட்டித்தான் வைப்பார்கள். வீட்டுக்குள் போய்த்தான் மூச்சு நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பை.

"பொட்டிய அடைகாக்கவா வந்த? திற" என்றான் கோஃபு.

"இது எலிக்குப் போடுறதுண்ணா."

"ஆறு வருஷமா எலிக்கே போட்டுட்டு இருக்க. அதுக்கும் ரத்தம் செவப்புதானே?"

"மனுஷனுக்கு எவ்வளவு போடணும்னு யாருக்கும் தெரியாது."

"எலிய விட அப்பா எத்தன மடங்கோ அத்தன மடங்கு போடு. வயலுக்கு உரம் எவ்வளவுன்னு நாம கண்டுபிடிக்கலையா?" பையை ஒருமுறை பலமாக அமுக்கினான். "போடப் போறதில்லைன்னா குன்மிங்ல இருந்து எதுக்கு இத ஐஸ்ல வச்சுத் தூக்கிட்டு வந்த?"

போடாததற்கு அவளிடம் வேறு காரணம் இருந்தது. ரத்தம் கசிந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால்தான் எலிகள் பிழைத்தன. மூன்றாவது மணி நேரத்தில் போட்டவை எல்லாம் செத்துப்போயின. அப்பா விழுந்து முப்பது மணி நேரம் ஆகிவிட்டது. இதைச் சொன்னால் அந்த முதல் இரண்டு மணி நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று கோஃபு கேட்பான்.

பெட்டியில் இருந்தது சான்ச்சிக் கிழங்கிலிருந்து பிரித்த ஒரே ஒரு சத்து. அப்பா கறுப்பு வலைப் பந்தலுக்குக் கீழே மூன்று மூன்று வருஷம் காத்திருந்து தோண்டுகிற கிழங்கு. ஷுவாங்கின் குன்மிங் ஆய்வகத்துக்குப் போன முதல் மூட்டையும் அவருடையதுதான். "மூட்ட மூட்டையா வாங்கி ஒரு சொட்டு எடுக்குறீங்க. மிச்சத்த என்னடி பண்றீங்க?" என்று போனில் கேட்பார்.

"கொட்டிருவோம்ப்பா."

"படுபாவிங்களா. கோழி சூப்புலயாவது போடுங்க."

டிரைவருக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. அப்பாவின் தொண்டையிலிருந்து உறிஞ்சி எடுத்த சாம்பல் நிறக் குழம்பைக் காட்டி, "இத யார் வாயில போட்டது? மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கு" என்று டாக்டர் கேட்டதிலிருந்து அவள் பேசவில்லை.

இப்போது திரும்பாமலே பேசினாள்.

"ஷுவாங். சான்ச்சிய வேகவைக்காம இடிச்ச பச்சைத் தூள்தான் போட்டேன். ரெண்டு கரண்டி, வெந்நியில கரைச்சு. வெந்த தூள் போடல. அடிபட்டு ரத்தம் வந்தா பச்சைதானே குடுப்போம்? வெந்தது ஒடம்பு தேறத்தானே?"

ஷுவாங் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தாள்.

"ஒன்னக் கேட்டுட்டுப் போடலாம்னுதான் போன் பண்ணேன். மூணு தடவ அடிச்சேன். எடுக்கல. சரி, புள்ள வேலையா இருக்கும்னு..."

நேற்றுக் காலை. போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் எலி அறைக்குள் போக வேண்டும். ஒன்பது எலிகள். கையில் கடிகாரத்துடன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டாள். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. வெளியே வந்து அலமாரியைத் திறந்தபோது அப்பா விழுந்து நான்கு மணி நேரம்.

"நான் பண்ணது தப்பா?" என்றாள் அம்மா.

கோஃபு நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். டாக்டர் சொன்னது அவன் காதிலும் விழுந்ததுதான்.

மயக்கத்தில் கிடக்கிறவர் வாயில் தண்ணீர்கூட விடக் கூடாது. எலிக்குக்கூட அவள் விட மாட்டாள்.

"இல்லம்மா" என்றாள். "நான் போன எடுத்திருந்தாலும் பச்சையத்தான் போடச் சொல்லியிருப்பேன்."

அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. கோஃபு பையை இன்னும் சில தடவை அமுக்கினான். பிறகு, "கை மரத்துப்போச்சு. நீ அமுக்கு" என்றான்.

பைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். அடுத்த வளைவில் அது சறுக்கி சீட்டுக்கு அடியில் போனது. இரண்டு பேருமே அதைப் பிடிக்கவில்லை.

ஊர் எல்லையில் வேன் வேகம் குறைந்தது. வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து அப்பாவின் நெஞ்சைப் பார்த்தார்.

"ஏறுதா?"

"ஏறுது" என்றாள் ஷுவாங்.

"அப்ப தூக்குங்க. மெதுவா, வாசப்படி ஒசரம்."

நான்கு பேர் தூக்கினார்கள். அவள் பையோடு பக்கவாட்டில் நடந்தாள். வாசற்படியில் கால் தடுக்கியது. ஒரு அமுக்கு தவறியது. கோஃபு அவள் முழங்கையைப் பிடித்தான். அடுத்த அமுக்கில் நெஞ்சு மறுபடி ஏறியது. படியைத் தாண்டிவிட்டார்கள்.

நடுக்கூடத்துப் பலகையில் கிடத்தினார்கள். அம்மா ஈரத்துணியால் அவர் உதட்டோரம் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தாள். நகத்தால் சுரண்டி, மறுபடி துடைத்தாள். பிறகு கோஃபுவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் குழாயை உருவினான்.

"பாப்பா, போதும்" என்றான்.

அவள் கை இன்னும் பையை அமுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது. ஒன்பது எலிகளும் உயிரோடு இருந்தன. ஏழு எழுந்து தீனி தின்றன.